பாகம் ஒன்றில் கட்டடங்கள் விழுவதில்லை

அமகாசாகியில், ஆணி மொத்த வியாபாரி ஒருவரின்
மூன்றாம் மாடியில் இருந்தது எங்கள் நிறுவனம்.
முந்தைய வருடம் வரை
அரிசி பிஸ்கட் கிடங்குகளுக்குக் கணக்கு மென்பொருள்:
இருப்பு, சேதாரம், வட்டி.
அதனால்தான் எங்கள் ராட்சத இயந்திரம்
சுடுகிற ஒவ்வொரு குண்டுக்கும் காசு கட்டுகிறது.
புதுமை என்று எழுதின பத்திரிகைகள்.
பழைய நிரலைத் தூக்கியெறிய
ஹிரோபேவுக்குச் சோம்பல், அவ்வளவுதான்.
எங்கள் வீரன் ஜெயித்துவிட்டுக்
கடனாளியாக வீடு திரும்புவான்.

என் வேலை சுவரில் மோதுவது.
நாளுக்குப் பத்து மணி நேரம்
நாற்பதடி உயர இரும்பாக இருந்துகொண்டு
நகரத்தின் எல்லாச் சுவர்களிலும் தோளை இடித்து
எங்கே உள்ளே புகுந்துவிடுகிறேன் என்று
தாளில் குறிப்பது.
மணிக்கு எழுநூறு யென்.

முதல் மாதங்களில் அதற்கு நடை வரவில்லை.
வந்தது, காற்றில் பட்டம் வருவதுபோல.
அத்தனை பலகோணங்கள், குன்றிமணி எடை இல்லை.
பாதத்தைப் பெரிதாக்கினார்கள்.
வேகத்தைக் குறைத்தார்கள்.
மினேமட்சு ஒலிப்பதிவுக் கருவியோடு
முகோ ஆற்றுப் பாலத்தடியில் மூன்று இரவு கிடந்து
ஒரு சரக்கு ரயிலைப் பிடித்துவந்தான்,
பாதி வேகத்தில் ஓட்டிக்
குதிகாலுக்குக் கீழே வைத்தான்.
டிசம்பரில் ஒருநாள்
அது ஓர் அடி எடுத்துவைத்தது.
எல்லோரும் அனிச்சையாக
மேசைமேல் இருந்த தேநீர்க் கோப்பையைப்
பிடித்துக்கொண்டோம்.
பிறகு சிரித்தோம்.

கட்டடங்களை விழவைப்பவள் சுகாயா தொகிகோ.
எட்டு மாடி, நான்கு நொடி.
முதலில் கண்ணாடி.
பிறகு நடுவில் ஒரு தளம் மட்டும் மடங்கும்,
மேலே இருப்பது அப்படியே உட்காரும்.
ஏன் நடுத்தளம், என்றேன்.
பார்க்க நன்றாக இருக்கிறது, என்றாள்.

ஜனவரி பதினேழு, காலை ஐந்து நாற்பத்தாறு.
அதை நான் எழுதப்போவதில்லை.
ரயில் ஓடிய மட்டும் ரயிலில், அப்புறம் கால்நடையாக,
அவள் அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுபோனாள்.
வழியில் ஒரு கட்டடத்தைப் பார்த்தாளாம்.
தளங்களை எண்ணினாளாம்.
ஒன்று குறைந்ததாம்.
இவ்வளவுதான் சொன்னாள்,
அதுவும் எனக்கில்லை, மினேமட்சுவுக்கு.

அடுத்த வாரம் எதை இடித்தாலும் எதுவும் விழவில்லை.
ஏவுகணை வெடிக்கும், புகை விலகும்,
ஜன்னல்கூடக் கீறாமல் நிற்கும்.
ஹிரோபே கேட்கவில்லை.
ஆணி வியாபாரி மட்டும் எட்டிப்பார்த்து
உறுதியான ஊர், என்றார்.

வெளிவந்த பிறகு நடந்ததுதான் வேடிக்கை.
விழாத சுவர் என்றால் ஒளியலாமே.
பையன்கள் சுவருக்குப் பின்னால் பதுங்கினார்கள்,
எட்டிப்பார்த்தார்கள், தாவினார்கள்,
மூலைக்கு மூலை காத்திருந்தார்கள்.
சண்டை மெதுவாயிற்று, ஆழமாயிற்று.
பாகம் இரண்டின் கையேடு அதைப்
'பாணி' என்றே அழைத்தது.

பாகம் மூன்று. புது இயந்திரம், புது முதலாளி:
இடித்துத் தள்ளுங்கள், நகரம் தூளாகட்டும்.
சுகாயா அதற்குள் வேலையை விட்டு ஒகாயாமா போயிருந்தாள்.
நான் நிரல் எழுதுகிறவனாகியிருந்தேன்.
பழைய கோப்பைத் திறந்தேன்.
அவள் ஒரு வரியையும் அழித்திருக்கவில்லை.
விழும் கட்டளைக்கு முன்னால்
ஒரு கேள்வி மட்டும் சேர்த்திருந்தாள்:
உள்ளே ஆள் இருக்கிறார்களா?
இருந்தால், விழாதே.

கீழே, ஒவ்வொரு கட்டடத்துக்கும்
ஓர் எண். எந்தத் திரையிலும் வராத எண்.
பதினேழு. நாற்பத்திரண்டு. மூன்று.
இருநூற்றுப் பதினொன்று. ஒன்று.
முந்நூற்றுச் சொச்சம் கட்டடங்கள்,
ஒரே எண்ணை வரிசையாக நிரப்பும்
சோம்பேறித்தனம் எங்குமே இல்லை.

ஒவ்வொன்றாகப் பூஜ்யமாக்கினேன்.
அன்று பொழுது சாய்ந்துவிட்டது.
துறைமுகத்தின் பக்கம்
'ஒன்று' என்றிருந்ததை விட்டுவிட்டேன்.

சுவரில் மோதும் புதுப் பையன்
மறுநாளே தாளில் குறித்துவந்தான்:
கிழக்கு, மூன்றாம் தெரு, இது மட்டும் விழவில்லை.
பக்கத்துக் கட்டத்தில் எழுதினேன்:
பிழையல்ல.